பாய் சுருட்டிய பின் மிஞ்சும் இடம்

2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் பெய்த மழையைத் தாமிரபரணிக் கரைக்காரர்கள் ஆயுசுக்கும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து வெளியேறிய தண்ணீரோடு காட்டோடைகளும் சேர்ந்துகொள்ள, திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் வீடுகளுக்குள்ளேயே ஆறு நடந்தது. வெள்ளம் வடிந்த பிறகு உறவினர் ஒருவர் வீட்டைக் கழுவிவிட ஒத்தாசைக்குப் போயிருந்தேன். தெரு நெடுக வாசலுக்கு வாசல் குவிந்து கிடந்தவை இன்னும் கண்ணில் நிற்கின்றன. ஊறி உப்பிய பார்ட்டிகிள் போர்டு அலமாரிகள், மைக்கா உரிந்த டிவி யூனிட்டுகள், நான்கு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாதபடி தண்ணீர் குடித்துக் கனத்த சோபாக்கள், மெத்தைகள். மரத்தூளைப் பசையால் ஒட்டிச் செய்த அந்தப் பலகையை அடுப்பில் எரிக்கவும் முடியாது, மண்ணில் மக்கவிடவும் முடியாது. குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது.

அதே வீட்டில் அதே தண்ணீரில் கிடந்த பனைநார்க் கட்டில் ஒன்று இருந்தது. அதைக் கழுவி மொட்டை மாடியில் சாய்த்து வைத்தோம். நாலு நாள் வெயிலில் நார் மறுபடி விறைத்துக்கொண்டது. தேக்குப் பெஞ்சும் பிழைத்தது. கோரைப் பாய்கள் பிழைக்கவில்லை, பூஞ்சை பிடித்துவிட்டன. ஆனால் அவை புறவாசல் தென்னைமரத்து மூட்டில் போய்ச் சேர்ந்தன, குப்பை வண்டிக்குப் போகவில்லை.

அன்று அந்தத் தெருவில் கிடந்த குவியலைத்தான் நம் காலத்து வீட்டு அலங்காரத்தின் வரவு செலவுக் கணக்கு என்று சொல்வேன். அந்தக் குவியலுக்குள் ‘இயற்கைக்கு உகந்தது’ என்று விற்கப்பட்ட சாமான்களும் கிடந்தன. பிரம்பு மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் கூடை, மரம் மாதிரித் தெரியும் தரை விரிப்பு, பலகைக்குமேல் காகித கனத்துக்கு ஒட்டிய மூங்கில் தோல்.

இப்போது எங்கள் பக்கம் வி.கே.புரம் என்ற விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் வீடு கட்டுகிற இளைஞர்களிடம் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. வீடு அழகாகவும் இருக்க வேண்டும், பூமிக்குக் கெடுதல் செய்யாமலும் இருக்க வேண்டும். அதற்கு முதலில் செல்போனில் நல்ல படங்களைத் தேடிப் பிடித்து மனசில் ஒரு கற்பனையை வளர்த்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்தப் படத்துக்குத் தக்க சணல் விரிப்பும் மூங்கில் விளக்கும் சுடுமண் ஜாடியும் தேங்காய்ச் சிரட்டைக் கிண்ணமும் வாங்கி நிரப்ப வேண்டும். பத்திரிகைகளின் வீட்டு அலங்காரப் பக்கங்களும் இதைத்தான் மாதாமாதம் சொல்கின்றன. இந்த ஆசையின் இரண்டு பாதியுமே நல்லவை. அழகை விரும்புவதிலும் மண்ணை நினைத்துக் கவலைப்படுவதிலும் குற்றமே கிடையாது. அவர்களுக்குக் கிடைக்கிற யோசனைதான் தலைகீழாக இருக்கிறது. அதை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

வாங்குவதில் தொடங்குகிற எந்த அலங்காரமும் ஆற்றுக்கு நல்லது செய்யாது. தரையில் எவ்வளவு இடத்தைக் காலியாக விடுவது என்ற முடிவில்தான் அது தொடங்க வேண்டும்.

வீட்டை எஞ்சினியர் கட்டுகிறார், பிறகு நாம் சாமான் வாங்கிப் போடுகிறோம் என்று நினைக்கிறோம். நிஜத்தில் சாமான்தான் வீட்டைக் கட்டுகிறது. ஆறடிக்கு ஆறரையடி இரட்டைக் கட்டிலும், அதைச் சுற்றி நடக்க இடமும், பக்கத்தில் ஒரு பீரோவும் என்று முடிவாகிவிட்டால் பத்துக்குப் பன்னிரண்டு அறை வேண்டும். மூன்று பேருக்கு மூன்று கட்டில் என்றால் 360 சதுர அடி, சுவர்க் கனம் தனி. அந்த 360 சதுர அடியும் பகல் முழுக்கச் சும்மா கிடக்கும். ஆனாலும் அதற்குச் செங்கல் வேண்டும், கம்பி வேண்டும், சிமென்ட் வேண்டும், மணல் வேண்டும். உலகத்தில் மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமென்ட் தொழிலிலிருந்து மட்டும் வருகிறது. மணலின் கதையைத் தாமிரபரணிக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தோழர் நல்லகண்ணு இந்த ஆற்று மணலுக்காக நீதிமன்றம் ஏறி வாதாடியதும், 2010-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆற்றில் மணல் அள்ளத் தடை விதித்ததும் நமக்குத் தெரிந்ததே. ஆற்றில் அள்ளுவது குறைந்ததும் குவாரிகள் பெருகின. மலையை உடைத்து எம்-சாண்ட் ஆக்கி ஏற்றுகிற லாரிகளை நாள் முழுக்கப் பார்க்கிறோம். ஆகக் கூடி, கட்டிலுக்கு ஓர் அறை என்று காகிதத்தில் கோடு போட்ட அந்த நிமிஷமே ஒரு துண்டு ஆறும் ஒரு துண்டு மலையும் செலவாகிவிட்டன. பிறகு அந்த அறைக்குள் சணலில் செய்த விளக்கு மாட்டினால் என்ன, பீங்கானில் செய்த விளக்கு மாட்டினால் என்ன?

பாபநாசத்தில் பிறந்தவனுக்கு இது வேறொன்றை ஞாபகப்படுத்துகிறது. கோயில் படித்துறையில் முங்கிக் குளித்துவிட்டு, உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போனால் பாவம் தொலையும் என்று வெளியூர்களிலிருந்து வருகிறவர்கள் நம்புகிறார்கள். பாறை இடுக்குகளில் சிக்கி நைந்து கிடக்கும் அந்தத் துணிகளைத் தன்னார்வலர்கள் இறங்கி மூட்டை மூட்டையாகத் தூக்கிக் கரையேற்றுகிறார்கள். அந்தப் பக்தர்களின் துயரத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அது போன்ற ஒரு பரிகாரமாகத்தான் பசுமைச் சாமான் வாங்குவதும் ஆகிவிட்டது. தேவைக்கு மேலே கட்டிவிட்டு, மூங்கில் விளக்கொன்றை வாங்கி மாட்டினால் மனசு லேசாகிவிடுகிறது. பாரத்தை ஆறு சுமக்கிறது.

பழைய நெல்லை வீடுகளில் பட்டாசல் என்ற கூடம் ஒன்று உண்டு. காலையில் அங்கேதான் காய்கறி நறுக்குவார்கள், மத்தியானம் இலை போடுவார்கள், சாயங்காலம் பிள்ளைகள் படிக்கும், ராத்திரி ஏழெட்டுப் பேர் படுப்பார்கள். இத்தனையும் ஒரே தரையில் நடந்ததற்குக் காரணம், ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் அந்த வேலைக்குரிய சாமான் எழுந்து போய்விடும். பாய் சுருண்டு மூலைக்குப் போகும். அரிவாள்மணை சுவரோரம் போகும். நார்க்கட்டில் நிமிர்ந்து சுவரில் சாயும். பாயைச் சுருட்டினால் அங்கே ஒரு கூடம் கிடைக்கிறது. இதைவிட நேர்த்தியான வீட்டு அலங்காரத்தை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

அந்தப் பாய்க்கே வருகிறேன். பாய் நெய்கிற பத்தமடை என்றதும் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் போன பாயைச் சொல்லி, புவிசார் குறியீட்டையும் சொல்லி, அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அலங்காரம் என்ற சொல்லின் அர்த்தமே மாறிவிடும். ஆற்றோரத்து ஈரத்தில் வளர்ந்த கோரையைப் பச்சையிலேயே கீறிக் காயவைப்பார்கள். காய்ந்ததை ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப் போடுவார்கள். தேங்கின தண்ணீர் ஆகாது. ஊறி உப்பியதை மறுபடி காயவைத்து, இன்னும் நுண்ணிய இழையாகக் கிழித்து, தரையில் கிடத்திய தறியில் பருத்தி அல்லது பட்டு நூலைப் பாவாக்கி, ஒவ்வோர் இழையாகக் குச்சியில் கோத்துச் செலுத்தி நெய்வார்கள். நயமான பாய் ஒன்று முடிய வாரக்கணக்காகும். லெப்பைக் குடும்பங்களின் கைவேலை இது. பெரும்பகுதி பெண்களின் கைவேலை. முன்பு சிவப்புக்குச் சப்பாங்கட்டைச் சாயம் போட்டார்கள். இப்போது கடைச் சாயம். கல்யாணத்துக்கென்று பொண்ணு மாப்பிள்ளை பெயரை உள்ளேயே நெய்து வாங்குகிற வழக்கம் சாதி மதம் பார்க்காமல் இந்தப் பக்கத்தில் இருந்தது.

இந்தப் பாயைத்தான் இப்போது கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். ‘கைவினைஞரை ஆதரிக்கிறோம்’ என்பது அவர்கள் பக்கத்து நியாயம். அதில் உண்மை இருக்கிறது. ஒரு பாய் விற்றால் ஒரு வீட்டில் உலை கொதிக்கும். ஆனால் சுவரில் மாட்டிய பாய் தேயாது. தேயாத பாய்க்கு அடுத்த பாய் வேண்டாம். வீட்டுக்கு ஒன்று மாட்டி முடித்தால் தீர்ந்தது. தினம் விரித்துப் படுக்கிற பாய்தான் சில வருஷத்தில் ஓரம் பிரிந்து, இன்னொன்று கேட்கும். நெசவுத் தொழில் உயிரோடு இருப்பது அந்தத் தேய்மானத்தால்தான். ஒரு பொருள் தேய்ந்து, மக்கி, மறுபடி அந்த ஊரிலேயே பிறக்க வேண்டும். கண்ணாடிச் சட்டம் அந்தச் சுற்றை அறுத்துவிடுகிறது. இன்னொரு பக்கம், பத்தமடைக் கோடுகளை அப்படியே அச்சடித்த பிளாஸ்டிக் பாய் கடைக்குக் கடை தொங்குகிறது. ராணிக்குப் போன பாயின் கோலம் பாலிபுரொப்பிலீனில் கிடைக்கிறபோது, பத்தமடைக்காரருக்குச் சுவர் மட்டும்தான் மிச்சம்.

‘நாங்கள் பிளாஸ்டிக் பக்கமே போகவில்லை, பாரம்பரியத்துக்குப் போகிறோம்’ என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். அவர்கள் போவது காரைக்குடிக்கு. ஆத்தங்குடிக் கல்லும், இடித்த செட்டிநாட்டு வீட்டிலிருந்து வந்த தூணும் கதவும் போட்டுவிட்டால் வீடு மண்ணுக்கு உகந்ததாகிவிடும் என்பது இவர்கள் நம்பிக்கை. செட்டிநாட்டுக் கொத்தனாரின் கைக்கு நான் தலை வணங்குகிறேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த மாளிகைகள் கட்டப்பட்ட காலத்தில் அவை உள்ளூர்ப் பொருளின் கொண்டாட்டமாக இருக்கவில்லை. தேக்கு பர்மாவிலிருந்தும், பளிங்கு இத்தாலியிலிருந்தும், கண்ணாடி பெல்ஜியத்திலிருந்தும் கப்பலில் வந்தன. அன்றைக்கு அதுதான் வெளிநாட்டு மோஸ்தர். பழையது என்பதாலேயே ஒன்று பசுமையாகிவிடாது. தூணுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று தெரிந்தால் இன்னொரு வீட்டை இடிக்கிற கை கொஞ்சம் முன்கூட்டியே எழும்பும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

சரி, உள்ளூர்ப் பொருள் போதுமா? அதுவும் முழுப் பதில் கிடையாது. பொதிகைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், காந்தியிடம் கேட்டதாக ஒரு வாக்கைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: நல்ல வீடு என்பது ஐந்து மைல் சுற்றுவட்டத்துக்குள் கிடைக்கும் பொருளால் கட்டப்பட வேண்டும். பேக்கரை மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லாரும் இந்த ஐந்து மைலைப் பிடித்துக்கொள்கிறார்கள். 1949-இலிருந்து சிமென்ட் ஆலை இருக்கும் தாழையூத்துக்காரருக்கு இந்த விதிப்படி சிமென்ட்தான் உள்ளூர்ப் பொருள்! தூரம் ஒரு பாதிக் கணக்குத்தான். பேக்கரின் கையைப் பார்த்தால் மற்றப் பாதி தெரியும். அவர் சுவர்களில் செங்கல்லைப் படுக்கவைக்காமல் நெட்டுக்கு நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவார். ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சமாகும், அந்த வெற்றிடமே வெயிலையும் தடுக்கும். கூரைக் கான்கிரீட்டில் பாரம் தாங்காத அடிப்பாகத்தில் பழைய ஓட்டைப் பதித்து சிமென்டைக் குறைப்பார். பூச்சு வேலையை விட்டுவிடுவார். செங்கல்லே தெரியட்டும் என்பார். கண்ணாடி ஜன்னலுக்குப் பதில் செங்கல்லில் சல்லடை விடுவார், காற்றும் வெளிச்சமும் அதுவழியே வரும். அவர் வேலை முழுக்க எடுத்துவிடுகிற வேலை. எதை வைக்கலாம் என்று கேட்கிறவர்கள், அவரிடம் எதை எடுக்கலாம் என்று கற்றுக்கொள்ளலாம்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும், வர வேண்டும். பழைய வீட்டைப் புகழ்கிறவனே, அந்த வீட்டுக்குள் பெண்கள் எப்படி இருந்தார்கள் தெரியுமா என்று. தெரியும். அரங்கு வீடு என்ற உள்ளறைக்குள் பகலிலும் விளக்கு வேண்டும். அடுப்பங்கரைப் புகையில் என் ஆச்சியின் கண் கெட்டது. மாதத்தில் மூன்று நாள் புறவாசல் நடையோடு நின்றவர்கள் உண்டு. திண்ணை விருந்தோம்பலின் அடையாளம் என்று எழுதுகிறோம்; அதில் ஏறி உட்காரக்கூடாதவர்கள் என்று ஒரு பாதி ஊரே இருந்தது. குளிர்ந்த தரையும் மச்சும் சிலருக்கு வாய்த்தன, ஓலைக் குடிசை மற்றவர்களுக்கு. ஆகவே பழைய வீட்டை அப்படியே திருப்பிக் கட்டச் சொல்ல எனக்கு வாய் வராது. அதன் இருட்டை எடுக்க ஒரு கண்ணாடி ஓடு போதும். அதன் தீட்டை எடுப்பது ஓட்டு வேலையைவிடப் பெரிய வேலை. அதையும் செய்தே ஆக வேண்டும். அதன் காலித் தரையை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பாயில் படுத்தே தலைமுறை தலைமுறையாகக் கழிந்தவர்கள் கட்டிலும் மெத்தையும் வாங்குவதை மரியாதையாக நினைக்கிறார்கள். சாணி மெழுகிய தரையில் வளர்ந்த பெண் வழுவழுப்பான டைல்ஸ் கேட்கிறாள். அவளிடம் போய்ப் பாயின் பெருமையைப் பேசுவது அநியாயம். ஒத்துக்கொள்கிறேன்; அவள் கட்டிலை யாரும் பிடுங்க வேண்டாம். நான் பேசுவது இரண்டாவது, மூன்றாவது கட்டிலுக்காகக் கடன் வாங்கி அறை கட்டுகிறவர்களிடம். ஆறு வருஷத்துக்கொருமுறை சோபாவை மாற்றிக்கொண்டே சூழல் பேசுகிறவர்களிடம். டைல்ஸ் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கல் பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியில் கடும் சூட்டில் வெந்து, 2,000 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வருகிறது. காவி கலந்து இழைத்த சிவப்புத் தரையும் சிமென்ட்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் சிமென்டுக்கு மேலே தனியாக ஒரு சூளை கிடையாது, அவ்வளவு தூர லாரி கிடையாது, ஒருமுறை நன்றாக இழைத்துவிட்டால் அரை நூற்றாண்டு கிடக்கும், வருஷம் ஏற ஏற மினுமினுப்பும் ஏறும். அதை இழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். கேட்கிற வீடு இல்லாவிட்டால் அந்தக் கை அவர்களோடு போய்விடும்.

எங்கே போய்க் கற்பனையைத் தேடுவது என்று கேட்டால், பாபநாசத்தில் திருநெல்வேலி பஸ் ஏறுங்கள் என்பேன். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசலில் மரம் சுழல, அரக்கின் நிறம் அந்தச் சூட்டிலேயே ஏறும். குழந்தைக்கு அடுப்பும் பானையும் கடைகிற அந்தக் கை, சட்டை மாட்டும் முளையையும் திரைச்சீலை வளையத்தையும் கடையும். என் வீட்டு முளைகள் அப்படி வந்தவை. வீரவநல்லூரில் தறி இருக்கிறது. ஜன்னலுக்கு முழம் கணக்கில் பருத்தித் துணி வாங்கலாம், கிழிந்தால் தலையணை உறையாகும், பிறகு கரித்துணியாகும். காருகுறிச்சியில் குயவர்கள் இருக்கிறார்கள். அங்கே கூடுதல் நேரம் நின்று பாருங்கள். பானையின் துளைகள் வழியே தண்ணீர் கசிந்து ஆவியாவதால்தான் உள்ளே குளிர்கிறது. சுவரும் அப்படி மூச்சு விட வேண்டாமா என்று அப்போது தோன்றும். சாரல் அடிக்கிற எங்கள் ஊரில் பெயின்ட் பூசிய சுவர் ஈரத்தை உள்ளே பூட்டிக்கொண்டு கொப்புளம் கொப்புளமாக உரிகிறது. சுண்ணாம்பு அடித்த சுவர் ஈரத்தை வாங்கி, வெயில் வந்ததும் விட்டுவிடும். அது காய்கிறபோது காற்றிலிருக்கும் கரியமில வாயுவையும் கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொள்ளும். பொங்கலுக்கு முன்னால் நீலம் கலந்து வெள்ளையடித்து, அடியில் காவிப்பட்டை இழுத்து, பொங்கல் பானை ஏற்றுகிற பொங்கக்கட்டிக்கும் ஒரு பூச்சுப் பூசி வைத்த வீட்டைவிடப் புதிதாக இருக்கிற வீடு ஏது? வருஷா வருஷம் அடிக்க வேண்டுமே என்பார்கள். ஆமாம், அடிக்க வேண்டும். கவனிக்கவே வேண்டாத வீட்டைத்தான் எல்லாரும் விற்கிறார்கள்; அந்த வீடுதான் பத்து வருஷத்தில் தெருவில் குவிகிறது.

அந்தக் காருகுறிச்சிக்காரர்களுக்குக் குளத்து மண் அள்ள அனுமதி கிடைப்பதே பாடாக இருக்கிறது. பத்தமடைக்காரர்களுக்கு ஓடுகிற நல்ல தண்ணீர் வேண்டும், ஆற்றோரத்தில் கோரை வளர இடம் வேண்டும். வீட்டு அலங்காரம் பேசுகிறவர்கள் இதைப் பேசாமல் இருப்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. ஆறு கெட்டால் பாய் இல்லை. குளம் கெட்டால் பானை இல்லை. அலங்காரப் பக்கத்தில் ஒரு படம் போடுகிற இடத்தில் பாபநாசம் படித்துறைத் துணிக்குவியலின் படத்தையும் போட வேண்டும்; இரண்டும் ஒரே விஷயம்தான்.

என் அக்கா மகன் இப்போது வி.கே.புரத்தில் வீடு கட்டுகிறான். மூன்று படுக்கையறை போட்டு பிளான் வந்திருந்தது. செல்போனில் நாற்பது படம் வைத்திருந்தான். எல்லாவற்றிலும் வெள்ளைச் சுவரும் ஒரு தொட்டிச் செடியும் பெரிய கட்டிலும். நான் மேலே எழுதியதையெல்லாம் அவனிடம் வாயால் சொன்னேன். அக்காதான் குறுக்கே வந்தாள். “எனக்கு முட்டி மடங்காதுலே. பாயில எப்படிப் படுப்பேன்? படுத்தாத்தான் யார் தூக்கிவிடுவா?” என்றாள். நியாயமான கேள்வி. அவளுக்கு நல்ல உயரமான கட்டிலும் அதற்கேற்ற அறையும் வேண்டும், அதில் பேச்சே இல்லை. பாலூட்டுகிற பெண்ணுக்கும் ஒரு கதவு வேண்டும் என்று அவன் மனைவி சொன்னாள். அதுவும் சரி. மூன்றாவது அறை யாருக்கு என்று கேட்டதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. வருகிற விருந்தாளிக்கு என்றார்கள். விருந்தாளி வருஷத்தில் எத்தனை நாள் வருவார் என்று விரல் விட்டு எண்ணினோம், பத்தைத் தாண்டவில்லை. அந்தப் பத்து நாளும் கூடத்தில் நாலு பாய் விரித்தால் போதும் என்று அக்காவே சொன்னாள்.

போன வாரம் போன் பண்ணினான். மூன்றாவது அறையைப் பென்சிலால் அடித்துவிட்டு எஞ்சினியரிடம் காகிதத்தைக் கொடுத்தானாம். அந்தப் பத்துக்குப் பன்னிரண்டில் என்ன வரும், சிட்டவுட்டா, ஸ்டோர் ரூமா என்று அவர் கேட்டிருக்கிறார்.

“ஒண்ணும் வராது சார், வெயிலும் மழையும் வரும்னு சொல்லிட்டேன் மாமா” என்றான்.